கூண்டேறாத சாட்சி

நேயர்களுக்கு வணக்கம். ஒரு குற்ற வழக்கில், போலீசிடம் வாக்குமூலம் கொடுத்தவர் விசாரணை தொடங்குவதற்குள் இறந்துவிடுகிறார். இன்னொரு வழக்கில் சாட்சி எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. வேறொன்றில், பயந்துபோய் வாயைத் திறக்க மறுக்கிறார். அவர்கள் சொன்னதை நீதிமன்றத்தில் வாசித்துக் காட்டலாமா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும், நிபந்தனைகளோடு வாசிக்கலாம். 2003ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. இதைச் செவிவழிச் சாட்சியம் என்கிறோம். இதில் பெரிய சிக்கல், காகிதத்தைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்பதுதான். "அப்போது இருட்டாக இருந்ததே, எப்படிப் பார்த்தீர்கள்?" என்று யாரைக் கேட்பது?

இப்படிப்பட்ட சாட்சியத்தை முன்வைக்க விரும்புகிறவர் நீதிமன்றத்துக்கும் மறுதரப்புக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் முன்னறிவிப்பு விதி. குறுக்கு விசாரணைக்கு இடமில்லாததால்தான் இந்த விதியை நான் இவ்வளவு முக்கியமாக நினைக்கிறேன். பலர் இதை வெறும் படிவம் நிரப்பும் வேலையாகப் பார்க்கிறார்கள். அப்படியல்ல. கேள்வி கேட்கும் வாய்ப்பை இழக்கிறவருக்கு, தயாராகிக்கொள்ள அவகாசமாவது கிடைக்க வேண்டாமா? வராத சாட்சி எப்படிப்பட்டவர், முன்பு மாற்றிப் பேசியிருக்கிறாரா என்றெல்லாம் விசாரித்து, அவருடைய நம்பகத்தன்மையைத் தாக்கும் சான்றை முன்வைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதைத் தேடி எடுக்க நாள் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அறிவிப்புத் தேவையில்லை. ஒரு நிறுவனத்தின் அன்றாடப் பதிவேடுகளுக்குப் பொதுவாக வேண்டியதில்லை. சாட்சி வர இயலாதபோதும், நீதியின் நலன் கருதி அனுமதியுங்கள் என்று கேட்கும்போதும் வேண்டும். என்ன சான்று, எந்த உண்மைகளின் பேரில் அது ஏற்கத்தக்கது, அந்த உண்மைகளை மறுத்தால் எப்படி நிரூபிக்கப்போகிறார்கள் என்பதையெல்லாம் அறிவிப்பில் எழுத வேண்டும். சாட்சியைக் காணவில்லை என்றால், தேடியதை எப்படி நிரூபிப்பார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

குற்றம் சாட்டப்பட்டவர் "நான் குற்றவாளியில்லை" என்று சொன்ன நாளிலிருந்து அரசுத் தரப்புக்குக் கெடு ஓடுகிறது. சிறிய வழக்குகளை விசாரிக்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 20 வேலை நாட்கள், கடுமையான குற்றங்களை விசாரிக்கும் கிரவுன் நீதிமன்றத்தில் 10 வேலை நாட்கள். குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு இத்தகைய அறிவிப்புக் கொடுப்பதானால் நாள் கணக்கு இல்லை. நியாயமாக முடிந்த அளவு சீக்கிரம் கொடுத்தால் போதும். இந்த வித்தியாசம் சரியானதுதான். வழக்கைக் கட்டியெழுப்புவது அரசு, அதன் கையில் போலீஸ் இருக்கிறது.

இனிச் சொல்வதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். முறையான அறிவிப்பு வந்தபின் யாரும் ஆட்சேபித்து விண்ணப்பிக்காவிட்டால், எல்லோரும் ஒப்புக்கொண்டதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். சும்மா இருந்தாலே சம்மதம் என்றாகிவிடும். அந்தக் காகிதம் பிரிக்கப்படாமல் மேசையில் கிடந்தால், ஒருவருடைய சிறைவாசமே அதில் அடங்கியிருக்கலாம். மிகையாகச் சொல்லவில்லை. பிரிட்டனுக்கு எதிராக அல்-கவாஜா, தாஹெரி என்ற இருவர் தொடுத்த வழக்குகளில் 2011 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரும் அமர்வு தீர்ப்புச் சொன்னது. தாஹெரியின் வழக்கில், பயத்தால் விசாரணையில் சாட்சி சொல்லாத ஒருவரின் வாக்குமூலமே தீர்மானமான சான்று. தாஹெரிக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று அந்த அமர்வு முடிவு செய்தது.

கெடு தவறினால்? நீதிமன்றம் காலத்தை நீட்டலாம், கெடு முடிந்த பிறகும்கூட. அறிவிப்பே வேண்டாம் என்றும் விடலாம். ஆனால் நீட்டிப்புக் கேட்பவர் தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். என் கருத்தில், நீதிபதிகள் அந்தக் காரணத்தைக் கறாராகச் சோதிக்க வேண்டும். விசாரணை நாளன்று காலையில் நீட்டப்படும் அறிவிப்பால் எதிர்த்தரப்புக்கு என்ன பயன்?

அறிவிப்பு உங்கள் கைக்கு வந்தால் அன்றே வழக்கறிஞரிடம் சேர்த்துவிடுங்கள். ஆட்சேபத்துக்குப் பொதுவாக 10 வேலை நாட்கள்தான். "ஆட்சேபிக்கிறேன்" என்று ஒரு வரி எழுதினால் போதாது. அறிவிப்பிலுள்ள எந்த உண்மையை மறுக்கிறீர்கள், அந்தச் சான்றை ஏன் ஏற்கக்கூடாது என்று காரணத்தோடு எழுத வேண்டும்.