சிவப்பு வட்டத்துக்குள் எழுதப்படும் எண்

(காரைக்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, ஆச்சிமார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

தைப்பூசத்துக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. ஆனால் காவடி எடுக்கும் வீடுகளில் இப்போதே நாள் எண்ணத் தொடங்கியிருப்பார்கள். நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் பழனிக்குப் புறப்படும் வழக்கத்தின் பழைமையை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நான் பேச வந்தது, அந்தக் காவடிகளின் தோளை உரசிக்கொண்டு ஓடும் வண்டிகளைப் பற்றியும், அவற்றுக்கு இதுதான் எல்லை என்று சாலையோரத்தில் நட்டுவைக்கும் பலகையைப் பற்றியும்தான். சிவப்பு வட்டத்துக்குள் 40 என்றோ 60 என்றோ 80 என்றோ எழுதுகிறோமே, அந்த எண்ணை யார், எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்? முப்பது ஆண்டுகளுக்கு மேல் சாலைப் பொறியாளராக வேலை பார்த்தவன் நான். அந்த எண்களை எழுதிய கைகளில் என் கையும் ஒன்று என்ற பொறுப்போடுதான் பேசுகிறேன்.

வேலையில் சேர்ந்த புதிதில், இந்தப் பக்கத்துச் சாலை ஒன்றில் வேகக் கணக்கெடுப்புக்கு என்னை அனுப்பினார்கள். அன்றைக்கு எங்கள் கையில் ரேடார் கருவி கிடையாது. தார்ச்சாலையின் குறுக்கே சுண்ணாம்பால் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போட்டோம். முதல் கோட்டை வண்டியின் முன்சக்கரம் தொட்டதும் உதவியாளர் கையை உயர்த்துவார். இரண்டாம் கோட்டருகே புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் நான் ஸ்டாப்வாட்சை அமுக்குவேன். மூன்று நொடியில் கடந்தால் மணிக்கு 60 கிலோமீட்டர். இரண்டரை நொடியில் கடந்தால் 72. மழையில்லாத நாளில், நெரிசலில்லாத நேரத்தில், முன்னால் எதுவும் மறிக்காமல் தன் விருப்பப்படி ஓடும் வண்டி மட்டுமே கணக்கில் சேரும். இப்படி நூறு வண்டிகளின் வேகத்தை எடுத்து, குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசையாக எழுதினால், 85-ஆவதாக நிற்கும் வேகம் எதுவோ அதை ஒட்டியே எல்லையை வைக்கலாம் என்பதுதான் நாங்கள் படித்த பாடம். இதற்கு 85-ஆவது சதமான வேகம் என்று பெயர். அமெரிக்காவின் பல மாநிலங்களில் வேக எல்லை பற்றிய ஆய்வு இன்றும் இந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது.

இந்த முறைக்குள் ஒரு நியாயம் இருக்கிறது. ஓட்டுநர்களில் பெரும்பாலோர் பொறுப்புள்ளவர்கள், சாலையைப் பார்த்தே தகுந்த வேகத்தைத் தேர்ந்துகொள்வார்கள், அதைவிட மிகவும் குறைத்து எழுதினால் சிலர் மதித்தும் பலர் மதியாமலும் ஓட்டி, வேகங்களுக்கிடையே வேறுபாடு கூடி மோதலில்தான் முடியும் என்று அதை ஆதரிப்போர் சொல்வார்கள். நடுவில் தடுப்பும் இருபுறமும் வேலியும் உள்ள, குறுக்கே ஆளோ ஆடோ வராத சாலையில் இந்த வாதம் ஓரளவு செல்லும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அன்று பகல் பதினொரு மணி இருக்கும்போது, தலையில் விறகுச் சுமையோடு ஓர் அப்பத்தா எதிர்ப்பக்கம் வந்து நின்றார். இரண்டு முறை காலெடுத்து வைத்து, இரண்டு முறையும் பின்வாங்கினார். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கியும் வரவில்லை; தொலைவில் தெரிந்த லாரி எப்போது வந்து சேரும் என்பதைச் சுமையோடு நிற்கும் அவரால் கணிக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஒருவழியாகக் கடந்து மரத்தடிக்கு வந்தவர், "தம்பி, சுமையை இறக்கக் கொஞ்சம் கைகொடுங்க" என்றார். இறக்கிவைத்துவிட்டுத் திரும்பி என் படிவத்தைப் பார்த்தேன். கார், பேருந்து, லாரி, மோட்டார் சைக்கிள், மிதிவண்டி என்று அதில் கட்டங்கள் இருந்தன. அவரை எழுத ஒரு கட்டம் இல்லை.

சாலை போட்ட நம் முன்னோர் அவரை மறந்தவர்கள் அல்லர். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக வழியோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். நடப்பவர் பிறர் உதவியின்றித் தலைச்சுமையை இறக்கவும் ஏற்றவும் ஏற்ற உயரத்தில் அது நின்றது. சத்திரமும் ஊருணியும் தண்ணீர்ப்பந்தலும் நடந்து போகிறவரை மனத்தில் வைத்துச் செய்த தர்மங்கள். வழி அவருக்கும் உரியது என்பதில் அன்று யாருக்கும் ஐயம் இருந்ததில்லை.

இனி வேகத்தின் கணக்குக்கு வருகிறேன். ஒரு கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. குறுக்கே ஒரு குழந்தை ஓடுகிறது. ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, கால் பிரேக்கை எட்ட ஒன்றரை நொடி ஆகும் என்று வையுங்கள். அதற்குள் கார் 25 மீட்டர் ஓடிவிடும். அதன் பிறகு நல்ல டயரும் உலர்ந்த சாலையும் இருந்தால் இன்னும் ஏறத்தாழ 20 மீட்டரில் நிற்கும். ஆக, 45 மீட்டர். அதே இடத்தில் 80 கிலோமீட்டரில் வரும் காருக்கு, பிரேக்கில் கால் படுவதற்கு முன்பே 33 மீட்டர் போய்விடுகிறது. பிரேக் வேலை செய்ய எஞ்சியிருப்பது 12 மீட்டருக்கும் குறைவு. முதல் கார் முழுமையாக நின்றுவிட்ட அந்த 45-ஆவது மீட்டரில், இரண்டாவது கார் எவ்வளவு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்? மாணவர்கள் வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 65 கிலோமீட்டருக்கும் சற்று மேல். நாம் 20 கிலோமீட்டர்தான் கூட்டினோம். குழந்தையைத் தொடாமல் நின்றிருக்க வேண்டிய கார், அதை 65-இல் மோதுகிறது. வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்று எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ நீங்கள் எழுதிய விடைக்குச் சாலையில் இதுதான் பொருள்.

இதனால் கிடைக்கும் ஆதாயத்தையும் பார்ப்போம். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை ஏறத்தாழ 18 கிலோமீட்டர். வழியெல்லாம் 60-இல் போனால் 18 நிமிடம். 80-இல் போனால் பதின்மூன்றரை நிமிடம். மிச்சம் நாலரை நிமிடம். அதுவும் வழியில் ஊரே இல்லை, வளைவே இல்லை என்று வைத்துக்கொண்டால்தான்.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இறப்புகளில் 71 விழுக்காட்டுக்கு மேல் அதிவேகமே காரணம் என்றும் அறிக்கை சொல்கிறது. சம்பவ இடத்துக் காவலர் படிவத்தில் குறிக்கும் காரணத்திலிருந்து தொகுக்கப்படும் கணக்கு அது. சாலையின் குறையைக்கூட ஓட்டுநர் தலையில் எழுதிவிடும் வழக்கம் நமக்கு உண்டு என்பதால், அந்த விழுக்காட்டை அப்படியே பிடித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. ஆனால் சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிர்ப்பலி விபத்துகள் ஏறத்தாழ நான்கு விழுக்காடு கூடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை எந்தப் படிவத்தின் பிழையாலும் தள்ளிவிட முடியாது.

சுவீடன் நாடு 1997-இல், சாலையில் யாரும் சாகவோ படுகாயமடையவோ கூடாது என்பதைத் தன் நாடாளுமன்றத்தின் கொள்கையாகவே ஏற்றது. அங்கே கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். ஓட்டுநர் எவ்வளவு வேகமாகப் போக விரும்புகிறார் என்பதை விட்டுவிட்டு, மனித உடல் எவ்வளவு அடியைத் தாங்கும் என்று கேட்டார்கள். நடப்பவரும் வண்டியும் கலக்கும் இடத்தில் 30. வண்டியின் பக்கவாட்டில் மற்றொரு வண்டி மோதக்கூடிய சந்திப்பில் 50. தடுப்பில்லாமல் எதிரெதிரே வரும் சாலையில் 70. இதற்கு மேல் போக வேண்டுமானால் முதலில் சாலையை மாற்று, பிறகு பலகையை மாற்று என்பது அந்த முறையின் சாரம்.

நம் செட்டிநாட்டு ஊர்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகப் பொருந்துகிறது. கானாடுகாத்தானையோ பள்ளத்தூரையோ நினைத்துப் பாருங்கள். நூல் பிடித்தாற்போல் நேரான அகன்ற தெருக்கள்; ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடுகள். நடக்கவும் மாட்டுவண்டிக்கும் தேருக்கும் அமைந்த நேர்த்தி அது. இன்று அதே நேர்த்தி மோட்டார் சைக்கிளை விரட்டச் சொல்கிறது. அங்கே சுண்ணாம்புக் கோடு போட்டு 85-ஆவது வண்டியைத் தேடினால், தெருவின் அழகே பிள்ளைகளுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். சாலையை அகலப்படுத்தினால் வேகம் கூடும். கூடிய வேகத்தை அளந்தால் எல்லை கூடும். எல்லை கூடியபின் வேகம் மேலும் கூடும். இந்தச் சுழலை நான் என் பணிக்காலத்தில் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

சட்டம் நமக்கு இடம் கொடுக்கிறது. மத்திய அரசு 2018 ஏப்ரலில் நான்குவழிச் சாலையில் காருக்கு 100, மற்றச் சாலைகளில் 70 என்று உச்சவரம்புகளை உயர்த்தி அறிவித்ததும், சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் அந்த அறிவிக்கையை ரத்து செய்ததும் பலருக்கு நினைவிருக்கலாம். ஆனால் உச்சவரம்பு எதுவாயினும், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆவது பிரிவின்படி, பொதுமக்கள் பாதுகாப்பு கருதியோ சாலையின் தன்மை கருதியோ ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு அதைவிடக் குறைந்த எல்லையை மாநில அரசோ அது அதிகாரம் அளித்த அமைப்போ நிர்ணயிக்கலாம். அதற்கு அரசிதழ் அறிவிக்கையும் உரிய பலகைகளும் வேண்டும். ஆனால் அந்தக் கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு மிகாமல் இருக்குமானால் அரசிதழ் அறிவிக்கை தேவையில்லை என்று அதே பிரிவு சொல்கிறது. இந்த ஒரு வரிக்காகத்தான் நான் இன்று இவ்வளவு தூரம் பேசினேன்.

பாதயாத்திரை ஒரு மாதத்துக்கு உட்பட்டது. வெயிலுக்கு முன் வழியைக் கடக்க, அதிகாலை மூன்று மணிக்கே நடை தொடங்கிவிடும். நானும் நடந்திருக்கிறேன். முன்னால் போகிறவரின் குதிகாலும், அவர் பைமேல் ஒட்டிய சிவப்பு ஒளிப்பட்டையும்தான் கண்ணுக்குத் தெரியும். பின்னால் வரும் பேருந்தின் வெளிச்சத்தில் அந்தப் பட்டை சட்டென்று எரியும். அடுத்த கணம் பேருந்தின் காற்று தோள்துண்டை இழுக்கும். மண் சரிவில் இடக்கால் இறங்கும். காவடி ஒருபக்கம் சாயும். ஹெட்லைட்டை டிம் செய்து வரும் ஓட்டுநருக்கு ஆள் தெரியும் தூரம் 40, 50 மீட்டர்தான். 80 கிலோமீட்டர் வேகத்துக்கோ, கண்டு நிறுத்த 120 மீட்டர் பார்வைத் தூரம் வேண்டும் என்று நம் இந்தியச் சாலைப் பேரவையின் விதி சொல்கிறது. 30 கிலோமீட்டருக்கு 30 மீட்டர் போதும்.

ஆகவே, குன்றக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல் வரை, நடப்பவரும் வண்டியும் ஒரே தாரில் போக வேண்டிய பகுதிகளில், தைப்பூசத்துக்கு முந்தைய இருபது நாள் 30 கிலோமீட்டர் எல்லையும், அதை ஓட்டுநர் உணரத் தற்காலிகத் தடுப்புகளும் விளக்குகளும் வேண்டும் என்று கேட்போம். பலகை மட்டும் நட்டால் யாரும் குறைக்கமாட்டார்கள் என்பதை அறிந்தே தடுப்புகளையும் சேர்த்துக் கேட்கிறேன். வழி மூன்று மாவட்டங்களில் செல்வதால் சிவகங்கை, மதுரை, திண்டுக்கல் ஆகிய மூன்று மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுக்களுக்கும் மனு போக வேண்டும். வழியிலுள்ள ஊராட்சிகள் நவம்பர் முதல் நாள் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பினால் மனுவுக்கு வலிமை கூடும்.

வாசல் மேசையில் தாள்கள் வைத்திருக்கிறேன். நடந்து போன ஆச்சிமார், அண்ணன்மார், எந்தப் பாலத்தில் ஒதுங்க இடமில்லை, எந்த வளைவில் பேருந்து உரசிப் போகிறது, எந்த இடத்தில் இரவில் விளக்கு இல்லை என்பதை ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். எழுத இயலாதவர்கள் சொன்னால் மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவற்றைத் தொகுத்து மனுவோடு இணைக்கிறோம். நன்றி, வணக்கம்.