நாற்பது கட்டில்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

1861 ஏப்ரல் 12 அன்று சம்டர் கோட்டையின் மீது குண்டுகள் விழுந்து அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியபோது, அந்நாட்டின் நிலைப்படையில் ஏறக்குறைய 16,000 பேர்தான் இருந்தார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் மேற்கு எல்லையின் காவல் கோட்டைகளில் சிதறிக் கிடந்தார்கள். தலைமைத் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட்டுக்கு வயது 74. குதிரை ஏறவும் முடியாத உடல்நிலை. ஆபிரகாம் லிங்கன் 75,000 பேரைப் படைக்கு அழைத்தார், 90 நாட்களுக்கு மட்டும். அதற்குள் முடிந்துவிடும் என்று நம்பினார்கள்.

ஆள் பற்றாக்குறையைப் பற்றி நிறையப் பேசப்பட்டிருக்கிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு வேறொரு கணக்குதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. அந்தப் படையின் மிகப் பெரிய மருத்துவமனையில் இருந்தவை 40 கட்டில்கள். அதுவும் போர் மூண்ட கிழக்கில் இல்லை. தொலைவில், கான்சாஸில் இருந்தது. மருத்துவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். அவர்களிலும் சிலர், பிரிந்துபோன தென் மாநிலங்களின் பக்கம் போய்விட்டார்கள்.

ஜூலை 21. வர்ஜீனியாவில் புல் ரன் ஓடைக்கரை. சண்டையைப் பார்க்க வாஷிங்டனிலிருந்து உணவுக்கூடைகளோடு வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள் மக்கள். மாலையில் லிங்கனின் வடக்குப் படை நிலைகுலைந்து ஓடியது. அந்தப் பக்கம் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் வண்டிகளை ஓட்டியவர்கள் கூலிக்கு வந்த சாதாரண மக்கள். குண்டுச் சத்தம் கேட்டதும் அவர்களில் பலர் ஓடிப்போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. களத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களை யார் பழக்கினார்கள்? குண்டடிபட்டவர்களில் நடக்க முடிந்தவர்கள் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நடந்தே தலைநகருக்குத் திரும்பினார்கள். நடக்க முடியாதவர்கள் கிடந்த இடத்திலேயே கிடந்தார்கள்.

1862இல் ஜோனதன் லெட்டர்மேன் என்ற படை மருத்துவர், தன் படைக்கென்று தனி ஆம்புலன்ஸ் பிரிவை அமைத்தார். வண்டியோட்டிகளும் தூக்குக்கட்டில் சுமப்பவர்களும் படைவீரர்களாகவே இருந்தார்கள். முன்கூட்டியே பயிற்சியும் பெற்றார்கள். அது எல்லாப் படைகளுக்கும் சட்டமாவதற்குள் 1864 மார்ச் வந்துவிட்டது. அதற்காகப் போராடியவர்களில் பாஸ்டன் மருத்துவர் ஹென்றி பௌடிச் ஒருவர். அவருடைய மகன் நதானியேல், குதிரைப்படை அதிகாரி, முந்தைய ஆண்டு மார்ச்சில் கெல்லிஸ் ஃபோர்டில் காயம்பட்டு, உதவி வராமல் களத்தில் கிடந்து, மறுநாள் இறந்துபோயிருந்தார்.