மாமியார் முப்பது நாளும் இருக்காங்களே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, காசிமேட்டுல மீன் வித்த கையோட ராயபுரத்துக்கு ஓடிவந்து முன்வரிசையில உக்காந்திருக்கிற அக்காமார்களே, வணக்கம்.

பொம்பளைங்க மாசாமாசம் தூரமாகுறதுக்கு முன்னாடி வர்ற கோபம், அழுகைக்கெல்லாம் பெரிய காரணம் ஹார்மோனா, வீடா? இதுதான் தலைப்பு. நான் ஹார்மோன் கட்சி. எனக்கு முன்னாடி பேசின அண்ணன், "ஆம்பளை நாலு பாத்திரம் தேய்ச்சா எந்த ஹார்மோனும் வாலாட்டாது"ன்னு சொல்லி கைதட்டு வாங்கிட்டார். அண்ணி எங்கேன்னு தேடினேன். காணோம். வீட்டுல பாத்திரம் தேய்ச்சிட்டு இருப்பாங்க போல.

எங்க மாடியில ஒரு பொண்ணு குடியிருக்கு. எம்.சி. ரோட்டுல துணிக்கடையில பில் போடுது. "அக்கா, மாசத்துல ஒரு வாரம் நான் நானாவே இல்ல. புள்ளைய அடிச்சிடறேன். அப்புறம் பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டு அழறேன்"னுச்சு. டாக்டர் ரெண்டு மாசம் தினமும் குறிச்சிட்டு வரச் சொல்லியிருக்கார். ஞாபகத்துல இருந்து சொன்னா எல்லா நாளும் மோசம்னுதான் தோணும், அதுக்காக. மளிகைக்கடை காலண்டர்ல தூரமான நாளுக்கு சிவப்பு வட்டம், மனசு கெட்ட நாளுக்கு நீலப் பெருக்கல் குறி. நானே பார்த்தேன். வட்டத்துக்கு முன்னாடி ஏழெட்டுப் பெருக்கல் வரிசையா நிக்குது. வட்டம் விழுந்த ரெண்டாம் நாள் துடைச்சுவிட்ட மாதிரி காலி.

அண்ணே, மாமியார் முப்பது நாளும் அதே வீட்டுலதான் இருக்காங்க. வாடகையும் பாத்திரமும் எங்கேயும் போகல. பெருக்கல் மட்டும் ஏன் எட்டே நாள்?

தூரத்துக்கு முன்னாடி மனசு இப்படி மோசமாக் கெடுறதை டாக்டருங்க பி.எம்.டி.டி.ன்னு சொல்றாங்க. நூறு பொம்பளைங்கள்ல அஞ்சு பேர் அளவுக்கு இருக்கு. அமெரிக்க மனநல மருத்துவர்களோட கையேடு 2013ல தனி நோயாவே சேர்த்துடுச்சு.

"ஹார்மோன் எல்லாருக்கும் ஏறி இறங்குது, என் தங்கச்சிக்கு ஏன் ஒண்ணும் ஆகல?"ன்னு எதிரணி அம்மா கேட்டாங்க. நல்ல கேள்வி. அமெரிக்க தேசிய மனநலக் கழகத்துல பீட்டர் ஷ்மிட் குழு 1998லயே இதைச் சோதிச்சுப் பார்த்தது. ஊசி போட்டு சினைப்பை ஹார்மோனை அடக்கினாங்க. அவதிப்பட்டவங்கள்ல பலருக்கு அவதி குறைஞ்சது. திரும்ப ஈஸ்ட்ரோஜனோ புரோஜெஸ்ட்ரோனோ குடுத்தாங்க, அவதி திரும்ப வந்துச்சு. அவதியே இல்லாத பொம்பளைங்களுக்கும் அதே ஊசி, அதே ஹார்மோன். அவங்க மனசு அசையல!

முன்வரிசை அக்காங்களுக்கு விளக்கவே வேணாம். துறைமுகத்துக்குள்ள வர்ற அலை ஒண்ணுதான். சின்ன பைபர் படகைத் தூக்கித் தூக்கிப் போடும், பக்கத்துலயே பெரிய லாஞ்சு சும்மா நிக்கும். ரத்தத்துல ஹார்மோன் அளவு சரியாத்தான் இருக்கும். அதை மூளை எப்படி வாங்கிக்குதுங்கறதுலதான் வித்தியாசம். புரோஜெஸ்ட்ரோன் உடைஞ்சு வர்ற ஒரு பொருள் மூளையை அமைதிப்படுத்தணும். சிலருக்கு அதுவே எரிச்சலைக் கிளப்புது.

இன்னொரு வகை இருக்கு. காலண்டர் முழுக்கவே பெருக்கல், கடைசி வாரம் மட்டும் இன்னும் அழுத்தமா. பார்டர்லைன் பெர்சனாலிட்டின்னு சொல்ற ஆளுமைக் கோளாறு உள்ளவங்கள்ல சிலருக்கு இப்படி ஆகுது. சின்ன வார்த்தைக்கு உலகமே கைவிட்ட மாதிரி தவிப்பாங்க. அந்தக் கோளாறை ஹார்மோன் உண்டாக்கல, ஒத்துக்கறேன். அது உருவானதுல வீட்டுக்கும் பங்கு இருக்கலாம். எரியிற அடுப்புல அந்த வாரம் மண்ணெண்ணெய் ஊத்துறது யாருன்னுதான் கேக்கறேன். ரெண்டுல எந்த வகைன்னு தெரியாம மருந்து குடுத்தா வீணாப் போகலாம். செத்துடலாம்னு தோணுச்சுன்னா காலண்டர் முடியுற வரைக்கும் காத்திருக்காதீங்க, 14416ங்கிற மனநல உதவி எண்ணுக்கு போன் போடுங்க. காசு கட்ட வேணாம்.

"ஹார்மோன்னு சொல்லிட்டா பொம்பளை பேச்சை எவனும் மதிக்க மாட்டான்"னு அண்ணன் பயப்படறார். அந்தப் பயம் எனக்கும் உண்டு. கொஞ்சம் குரல் ஏறினாலே 'கீழ்ப்பாக்கம் கேஸு'ன்னு சிரிக்கிற ஊருங்க இது! ஆனா மாடிப் பொண்ணு புருஷன்கிட்ட, "சம்பளப் பணம் எங்கய்யா?"ன்னு பெருக்கல் நாள்லயும் கேட்டுச்சு, காலி நாள்லயும் கேட்டுச்சு. கேள்வி ஒண்ணுதான், சத்தம்தான் வேற. அவர் ரெண்டு நாளும் பதில் சொல்லல.

இப்ப அந்தப் பொண்ணு தூரத்துக்கு முந்தின ரெண்டு வாரம் மட்டும் ஒரு மாத்திரை போடுது. மனச்சோர்வுக்குக் குடுக்கிற மாத்திரைதான், டாக்டர் எழுதிக் குடுத்தது. மனச்சோர்வுல அது வேலை செய்ய வாரக் கணக்காகும், இதுல நாள் கணக்குலயே கேக்குது. போன மாசக் காலண்டர்ல பெருக்கல் ரெண்டே ரெண்டு. அதே வீடு, அதே பாத்திரம், அதே மாமியார்.

மணி அடிச்சிட்டீங்க நடுவரே, உக்காந்துடறேன். காலண்டரைக் கேட்டு வாங்கி வந்திருக்கேன், மேசை மேல வைக்கிறேன். பார்த்துட்டு பத்திரமா திருப்பிக் குடுங்க, பின்பக்கம் பால் கணக்கு இருக்கு.