ஸ்கேனில் தெரியும் வெள்ளைத் திட்டுகள்

நேயர்களுக்கு வணக்கம். பக்கவாதம் வந்தவரின் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் கைக்கு வந்ததும், அடைப்பு எங்கே என்றுதான் எல்லாரும் தேடுவார்கள். கீழே ‘ஒயிட் மேட்டர் மாற்றங்கள்’ என்று ஒரு வரி இருக்கும். வயசானால் வருவதுதானே என்று அதைத் தாண்டிவிடுவார்கள். டாக்டர்களாகிய நாங்களும் பல நேரம் அப்படியே சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்த வரியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

மூளையின் உட்பகுதியில் நரம்பிழைகள் கற்றை கற்றையாக ஓடுகின்றன. அவற்றின் கொழுப்புறையால் அந்த இடம் வெளுத்துத் தெரியும்; அதுதான் ‘ஒயிட் மேட்டர்’. அதற்கு ரத்தம் கொண்டுபோவது நீண்டு மெலிந்த குட்டிக் குழாய்கள். ஒன்று அடைத்துக்கொண்டால் பக்கத்துக் குழாய் கைகொடுப்பது அரிது. ரத்த அழுத்தம் வருஷக்கணக்கில் ஏறியே இருந்தால் இவற்றின் சுவர் தடித்து, உள்வழி குறுகிவிடும். சர்க்கரையும் புகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அந்தச் சேதம்தான் ஸ்கேனில் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது.

இதை ஃபசேகாஸ் என்ற அளவுகோலில் 0 முதல் 3 வரை மதிப்பிடுவோம். 1 என்றால் அங்கங்கே புள்ளிகள். வயதானவருக்கு அது இருந்தால் பதற வேண்டாம். 3 என்றால் திட்டுகள் ஒன்றோடொன்று கலந்து பரவிவிட்டன. பக்கவாதம் வந்தவருக்கு இப்படி இருந்தால், மறுபடி வரும் வாய்ப்பு கூடுதல். அடைப்பு மட்டுமல்ல, ரத்தக்கசிவும் வரலாம்.

சிக்கலே அதில்தான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையைக் கூட்டினால் போதுமே என்று தோன்றும். குட்டிக் குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தவர்களுக்கு ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரலையும் நீண்டநாள் கொடுத்துப் பார்த்தது எஸ்.பி.எஸ்.3 ஆய்வு. 2012இல் முடிவு வந்தது: மறு பக்கவாதம் குறிப்பிடும்படி குறையவில்லை, ரத்தக்கசிவும் மரணமும் கூடின. முதல் சில வாரங்களுக்கு இரண்டும் சேர்த்துத் தருவது வேறு விஷயம். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

என் கணக்கில் முதல் வேலை ரத்த அழுத்தம்தான். பக்கவாதம் வந்தவர்களை வைத்து நடந்த புரோகிரஸ் ஆய்வின் ஸ்கேன் பகுதியில், அழுத்தத்தைக் குறைத்தவர்களுக்குப் புதுத் திட்டுகள் குறைவாகவே வந்தன. வீட்டிலேயே பாருங்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை எடுத்து எழுதுங்கள். அந்த நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம், நடை தேய்கிறது, யோசிக்க நேரமாகிறது, சிறுநீரை அடக்க முடியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். கேட்டால்தான் பலர் சொல்கிறார்கள். வணக்கம்.