கடல் என்று தலைப்பு வைத்த மாலை

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் நாட்டார் பாடல் மன்றங்களில், ஒரு தலைப்பை முன்கூட்டியே அறிவித்து அதற்கேற்ற பாடல்களைப் பாடும் மாலைக் கூட்டத்தைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். யார்க்‌ஷயரில் வேலை பார்த்த காலத்தில் அப்படியொரு மன்றத்தின் மூலை நாற்காலியில் நெடுநாள் உட்கார்ந்திருந்தவன் என்பதைத் தவிர இதில் எனக்கு வேறு தகுதி கிடையாது.

ஃபோக் கிளப் என்று அங்கே வழங்கும் இந்த மன்றங்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு பப்பின் மாடியறையிலோ பின்னறையிலோ கூடுகின்றன. சில மாலைகளில் வெளியூர்ப் பாடகர் ஒருவரை அழைத்துக் கச்சேரி வைப்பார்கள். மற்ற மாலைகளில் வந்தவர்களே நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, முறை வைத்து ஒருவர் பின் ஒருவராகப் பாடுவார்கள். இதற்குச் சிங்கரவுண்ட் என்று பெயர். மேடையும் கிடையாது, மைக்கும் கிடையாது. முறை தம்மிடம் வரும்போது பாட விருப்பமில்லாதவர் தலையசைத்து அடுத்தவருக்கு விட்டுவிடலாம்; கவிதை சொல்லலாம்; கான்செர்டினா என்ற சிறிய கைத்துருத்தி வாத்தியத்தில் ஒரு மெட்டு வாசிக்கலாம். பல்லவி வந்தால் அறை முழுவதும் சேர்ந்துகொள்ளும். அதிலும் எல்லாரும் ஒரே ஸ்வரத்தைப் பிடிப்பதில்லை. சிலர் மேலே போவார்கள், சிலர் கீழே நிற்பார்கள், ஒத்திகை ஏதுமின்றி அந்தக் குரல்கள் ஒன்றோடொன்று இசைந்துவிடும்.

எழுதி வைக்காத சில விதிகளும் உண்டு. ஒருவர் பாடும்போது எவரும் பேசுவதில்லை; காலிக் கோப்பைகளை எடுக்க வரும் பப் ஊழியர்கூடப் பாட்டு முடியும்வரை கதவருகே நிற்பார். ஒருவர் வழக்கமாகப் பாடும் பாட்டை, அவர் அறையில் இருக்கையில் வேறொருவர் எடுப்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. சுருதியை உயர்த்தி எடுத்துவிட்டவர் இரண்டாவது அடியில் நிறுத்தி, தாழ்த்தித் தொடங்குவதை மட்டும் எவரும் குறையாக நினைப்பதில்லை.

இந்த மன்றங்களின் வரலாறு மிக நீண்டதன்று. 1950-களின் நடுவில் ஸ்கிஃபில் என்ற எளிய கித்தார் இசை பிரிட்டனின் இளைஞர்களைப் பற்றிக்கொண்டது. அந்த வேகம் தணிந்தபோது, கையில் ஒரு கித்தாரும் வாயில் சில அமெரிக்கப் பாடல்களும் மிஞ்சியவர்களில் பலர் தம் ஊர்ப் பாடல்களைத் தேடத் தொடங்கினார்கள். பிராட்ஃபோர்டில் டாபிக் மன்றம் 1956-இல் தொடங்கியது. 1961-இல் லண்டனில் தொடங்கிய சிங்கர்ஸ் கிளப்பில், பாடகர்களான இவான் மக்காலும் பெகி சீகரும், மேடையேறுகிறவர் தம் மொழிக்கும் தம் மரபுக்கும் உரிய பாடல்களையே பாட வேண்டும் என்று ஒரு கொள்கை வகுத்தார்கள். அது இன்றும் வாதத்துக்குரியது. கொள்கை கடுமையானது என்பதே என் எண்ணம். ஆனால் அந்தக் கடுமைதான் பலரை நூலகங்களுக்கு அனுப்பியது. அங்கே சரக்கும் இருந்தது. நாட்டார் பாடல் சங்கம் 1898-இலேயே நிறுவப்பட்டிருந்தது; 1903-இல் சாமர்செட்டின் ஹாம்பிரிட்ஜ் கிராமத்தில் ஒரு தோட்டக்காரர் பாடியதைக் கேட்டு எழுதிக்கொண்ட செசில் ஷார்ப், அதன்பின் ஆயிரக்கணக்கான பாடல்களைத் திரட்டினார். இன்று லண்டனில் அவர் பெயரால் உள்ள இல்லத்தின் நூலகமும், ஸ்டீவ் ரவுட் தொகுத்த பாடல் அடைவும் வீட்டிலிருந்தே தேடிப் பார்க்கக் கிடைக்கின்றன.

சரக்கு இவ்வளவு இருந்தும், மன்றத்துக்கு வாரந்தோறும் வருகிறவரின் வாயில் மூன்று நான்கு பாட்டுகளே சுழன்றுகொண்டிருக்கும். அவற்றை அவர் நன்றாகவே பாடுவார். பக்கத்து நாற்காலிக்காரருக்கும் அவை மனப்பாடமாகியிருக்கும். தலைப்பு வைக்கும் மாலை இதற்காகத்தான் ஏற்பட்டது என்று நான் கருதுகிறேன். அடுத்த மாதம் அறுவடை, அதற்கடுத்த மாதம் ரயில், அதன்பின் திருட்டு வேட்டை என்று அறிவித்துவிட்டால், மூன்று பாட்டுக்காரருக்கும் வேறு வழியில்லை, தேடியாக வேண்டும். தலைப்பைப் பாடகரைக் கட்டுப்படுத்தும் வேலியாகச் சிலர் குறை சொல்கிறார்கள். நான் கண்ட அளவில், கேட்டுக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருந்தவர்களையே அது அதிகமாக அசைத்தது. பாட வராத ஒருவர்கூடத் தலைப்பைக் கேட்டதும் தம் பாட்டனார் வேலை பார்த்த இழுவைப் படகைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவார். மறு மாதம் அந்தப் படகைப் பற்றிய பாட்டோடு வந்து நிற்பார்.

கடல் என்று தலைப்பு வைத்த மாலைதான் நான் அறிந்தவற்றுள் மிகச் செழிப்பானது. முதல் சுற்றில் ஷாண்டிகள் வந்துவிடும். ஷாண்டி என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் வணிகப் பாய்மரக் கப்பல்களில், வேலைக்குக் கை சேர்ப்பதற்காகப் பாடப்பட்டது. ஒருவர் தனியாக ஓர் அடி எடுக்க, மாலுமிகள் எல்லாரும் மறுமொழி அடியைப் பாடுவார்கள். பாய் ஏற்றும் பாட்டானால் அந்த மறுமொழிக்குள் கயிற்றை இழுக்கும் இடங்கள் அமைந்திருக்கும். நங்கூரம் தூக்கச் சுழற்பொறியைச் சுற்றி நடக்கும் வேலைக்குரிய பாட்டு வேறு வகை. அது நடையின் தாளத்தில் இடையறாமல் ஓடும். இந்த வேறுபாட்டை அறிந்தவர் பாடினால் வேகத்திலேயே அது தெரியும். நீராவிக் கப்பல் வந்தபின் இந்த வேலையும் போயிற்று, பாட்டும் போயிற்று. பிரிட்டனின் கடைசிப் பாய்மரச் சரக்குக் கப்பல்களுள் ஒன்றான கார்த்பூல் 1929-இல் கேப் வெர்டி அருகே தரைதட்டி உடைந்தது. அதில் ஷாண்டி எடுத்துக் கொடுத்தவர் ஸ்டான் ஹூகில், பின்னாளில் இப்பாடல்களின் பெருந்தொகுப்பு ஒன்றை வெளியிட்டார், 1992-இல் மறைந்தார்.

இரண்டாம் சுற்றில் கரையில் காத்திருந்தவர்களின் பாடல்கள் வரும். ஏழாண்டு கழித்துத் திரும்பும் மாலுமி தன்னை இன்னாரென்று சொல்லாமல் காதலியின் மனத்தைச் சோதிப்பதாகவும், அவள் உறுதியாக நிற்கக் கண்டபின் பாதி மோதிரத்தை எடுத்துக் காட்டுவதாகவும் அமைந்த கதைப்பாடல்கள் ஏராளமாக உள்ளன. இந்தச் சோதனை எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. எங்கள் மன்றத்துப் பெண்கள் சிலர் இதைப் பாடும்போது கடைசிச் செய்யுளுக்கு முன்னால் ஒரு புருவத்தை உயர்த்துவதுண்டு. கடற்படைக்கு ஆட்களை வலுக்கட்டாயமாகப் பிடித்துப்போன கும்பல்களைப் பற்றியும், வான் டீமன்ஸ் லேண்ட் என்று அன்று வழங்கிய தாஸ்மேனியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட கைதிகளைப் பற்றியும் உள்ள பாடல்களும் இந்தச் சுற்றில்தான் வரும். இங்கே பல்லவி அதிகம் இருக்காது, அறை கேட்டுக்கொண்டிருக்கும்.

பிறகு ஹெர்ரிங் மீன். வானொலியில் பேசுவதால் இதைச் சற்று விரிவாகச் சொல்வது பொருத்தம். 1960-இல் பிபிசிக்காக வானொலித் தயாரிப்பாளர் சார்ல்ஸ் பார்க்கர், முன்பு சொன்ன மக்கால், சீகர் மூவரும் ஹெர்ரிங் மீனவர்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி தயாரித்தார்கள். நடிகர்களைக் கொண்டு பேசவைக்கும் வழக்கத்தை விட்டு, மீனவர்களின் சொந்தப் பேச்சைப் பதிவுசெய்து, அந்தப் பேச்சிலிருந்தே சொற்களை எடுத்துப் பாடல்கள் கட்டினார்கள். அவ்வாறு மக்கால் எழுதிய ஒரு பாட்டு இன்று மன்றங்களில் மிகப் பழைய மரபுப் பாடலைப் போலப் பாடப்படுகிறது; எழுதியவர் பெயரைச் சொல்லாமல் தொடங்குகிறவர்களை நானே கேட்டிருக்கிறேன். பாட்டெழுதியவருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் சுற்றில் சரக்கு தீர்ந்தவர்களின் சாமர்த்தியம் வெளிப்படும். கடலே இல்லாத பாட்டைப் பாடிவிட்டு, கதாநாயகியின் கண்ணீர் உப்புக் கரிக்கும் அல்லவா என்று நியாயம் சொன்ன ஒருவருக்கு அன்று பலத்த கைதட்டல் கிடைத்தது. என் முறை வந்தபோது, கரைவலை இழுக்கையில் நம் மீனவர்கள் பாடும் அம்பாப் பாட்டு ஒன்றை எடுத்தேன். தம் மொழிப் பாட்டையே பாட வேண்டும் என்ற அந்தப் பழைய கொள்கை எனக்குக் கைகொடுத்த ஒரே இடம் அது. ஏலேலோ எங்கே வரும் என்று எவருக்கும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது அடிக்கே மறுமொழி வந்துவிட்டது.

இவ்வளவு எளிய ஒரு கூட்டத்துக்குச் சட்டச் சிக்கல் இருந்தது என்றால் நம்ப மாட்டீர்கள். ஒரு பப்பில் இருவர்வரை பாடினால் தனி உரிமம் வேண்டாம் என்ற ஒரு பழைய விதி இங்கிலாந்தில் இருந்தது. வட்டமாக உட்கார்ந்து இருபது பேர் பாடினால் அதை எப்படிக் கணக்கிடுவது என்பது அந்தந்த ஊர் அதிகாரியின் மனப்போக்கைப் பொறுத்தது. 2003-ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது அந்த இருவர் சலுகையும் நீங்கியது. நீண்ட எதிர்ப்புக்குப் பின்னர், 2012-இல் வந்த நேரடி இசைச் சட்டம், ஒலிபெருக்கி இல்லாத பாட்டை இரவு பதினொரு மணிவரை உரிமத் தேவையிலிருந்து விடுவித்தது.

கூட்டம் கலையுமுன் அடுத்த தலைப்பைப் பற்றிய விவாதம் நடக்கும். சில நேரங்களில் பாட்டைவிட அது சூடாக இருக்கும். காதல் என்று வைத்தால் அது தலைப்பே ஆகாது, பாதிப் பாடல்கள் அதற்குள் அடங்கிவிடும். தேனீ என்று வைத்தால் முதல் சுற்றிலேயே முக்கால்வாசிப்பேர் தலையசைத்துவிடுவார்கள். தொழில்கள், மாதங்கள், பயண வகைகள் ஆகியவை தேடவும் வைக்கும், தேடினால் கிடைக்கவும் செய்யும். எங்கள் மன்றத்தில் டிசம்பரில் மட்டும் தலைப்பு வைப்பதில்லை. அன்றைக்கு மூன்று பாட்டுக்காரர்கள் அனைவரும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.