ரீட்ரை இருந்தும் 7 விநாடியில கைவிட்ட டாஸ்க்: செலரி கியூவுல தோல்வியும் கன்கரன்சியும்

[திரை: ஒரு டெர்மினல். கியூ நீளம் 0ன்னு காட்டுது]

ஒரு ஆன்லைன் கடையை எடுத்துக்குவோம். ஆர்டர் விழுந்ததும் பின்னணியில மூணு வேலை நடக்கணும். இன்வாய்ஸ் பிடிஎஃப் தயாராகணும், வாடிக்கையாளருக்கு மெயில் போகணும், ரீஃபண்ட் கேட்டவங்களுக்குப் பணம் திரும்பணும். வெப்சைட்டுக்கு ஜாங்கோ, பின்னணி வேலைகளை (டாஸ்க்) ஓட்ட செலரி, அந்த வேலைகளைக் கியூவா வரிசையில வச்சிருந்து வொர்க்கருக்குக் கொடுக்குற புரோக்கரா ரெடிஸ். ஒரு வொர்க்கருக்குள்ள பல புரோசஸ் இருக்கும், ஒவ்வொண்ணும் ஒரு நேரத்துல ஒரு டாஸ்க்கை ஓட்டும். நம்ம ஊர்ல நிறைய டீம் வச்சிருக்கிற அமைப்புதான்.

ஒரு நாள் மெயில் சேவை 2 நிமிஷம் படுத்துடுது. அந்த நேரத்துல 1,000 மெயில் டாஸ்க் கியூவுக்கு வருது. கோடுல ரீட்ரை (தோத்தா மறுபடி முயற்சி) போட்டிருக்கு, பேக்ஆஃபும் (ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னாடி காத்திருப்பை நீட்டுறது) ஆன்ல இருக்கு. அப்படியும் பெரும்பாலான மெயில் போகலை. ஏன்?

[திரை: 1, 2, 4]

செலரியில தானியங்கி ரீட்ரையோட பேக்ஆஃபை வெறும் ட்ரூன்னு வச்சா, காத்திருக்கிற நேரம் 1 விநாடி, 2 விநாடி, 4 விநாடின்னு இரட்டிக்கும். எத்தனை தடவைங்கிறதுக்கு இயல்பான வரம்பு 3. மொத்தம் 7 விநாடி. அதுவும் அதிகபட்சம்தான், ஏன்னா ஜிட்டர் இயல்பாவே ஆன்ல இருக்கும். அது பூஜ்யத்துக்கும் அந்த எண்ணுக்கும் நடுவுல ஏதோ ஒரு மதிப்பை எடுக்கும். 120 விநாடி கோளாறை 7 விநாடிப் பொறுமையால தாண்ட முடியாது.

அதனால எண்ணை முடிவு பண்றதுக்கு முன்னாடி, எவ்வளவு நேரக் கோளாறைத் தாங்கணும்னு முடிவு பண்ணுங்க. பேக்ஆஃப் காரணி 5, வரம்பு 8 ரீட்ரை, உச்சம் 600 விநாடின்னு வச்சா 5, 10, 20, 40, 80, 160, 320, 600. கூட்டினா 1,235 விநாடி, அதாவது 20 நிமிஷம் சொச்சம். ஜிட்டர் சராசரியா பாதியாக்கிடும். கையில நிக்கிறது ஏறக்குறைய 10 நிமிஷம். மெயிலுக்கு இது போதும்.

ஜிட்டரை எடுத்துட்டா முழு 20 நிமிஷமும் கிடைக்குமேன்னு தோணும். எடுக்காதீங்க. 1,000 டாஸ்க்கும் ஒரே நேரத்துல தோத்திருந்தா, ஜிட்டர் இல்லாம ஒரே நேரத்துல திரும்பி வரும். அப்பதான் எழுந்து உட்கார்ந்த சேவை மறுபடி படுத்துடும். தானியங்கி வழி இல்லாம கையால ரீட்ரை கூப்பிடுறவங்களுக்கு இது இன்னும் மோசம்: அங்க இயல்பான இடைவெளி மாறாத 180 விநாடி, கலைச்சுவிட ஜிட்டரும் கிடையாது.

இன்னொரு பொறி. ரெடிஸ் புரோக்கர்ல விசிபிலிட்டி டைம்அவுட்னு ஒண்ணு இருக்கு, இயல்பா 1 மணி நேரம். வொர்க்கர் வாங்கின டாஸ்க்குக்கு அந்த நேரத்துக்குள்ள அக்னாலெட்ஜ்மென்ட், சுருக்கமா அக், வரலைன்னா ரெடிஸ் அதை இன்னொரு வொர்க்கருக்குக் கொடுத்துடும். காத்திருக்கிற ரீட்ரை எங்க உட்கார்ந்திருக்கு? கியூவுல இல்லை, வொர்க்கரோட மெமரியில, அக் ஆகாம. பேக்ஆஃப் உச்சத்தை 2 மணி நேரம்னு வச்சீங்கன்னா அதே ரீட்ரை ஒரு மணி நேரம் கழிச்சு இன்னொரு வொர்க்கருக்கும் போகும். வாடிக்கையாளருக்கு ஒரே மெயில் ரெண்டு மூணு தடவை வரும். அவ்வளவு நேரம் காத்திருந்தே ஆகணும்னா, டேட்டாபேஸ்ல ஒரு வரியா எழுதி வச்சு, செலரியோட டைமரான பீட் மூலமா நேரம் வந்ததும் கியூவுல போடுங்க.

[திரை: பிழைக் குறிகள் ரெண்டு குவியலாப் பிரியுது]

எதை ரீட்ரை பண்றோம்ங்கிறது அடுத்தது. எல்லா எக்ஸெப்ஷனையும் ஒரே வலையில பிடிக்கிற கோடு ரொம்ப சகஜம், ரொம்பத் தப்பு. பதிலா எச்டிடிபி குறி 400, 404, 422 வந்தா நாம அனுப்பினதுலதான் கோளாறு; எட்டு தடவை அனுப்பினாலும் அதே பதில்தான் வரும். 401 வந்தா அந்தச் சேவைக்குள்ள நுழையுற சாவி தப்பா இருக்கும், இல்லை காலாவதி ஆகியிருக்கும். அதுக்கு மனுஷனை எழுப்பணும், ரீட்ரையால ஒண்ணும் ஆகாது. 429 (அளவுக்கு மேல கேட்கிறீங்க) வந்தா ரீட்ரை ஆஃப்டர் ஹெடரைப் படிங்க. அதுல 30ன்னு இருந்தா 30 விநாடி கழிச்சு, மேல கொஞ்சம் ஜிட்டர் சேர்த்துப் போங்க. 502, 503 (அந்தப் பக்க சர்வர்ல கோளாறு), இணைப்பு அறுந்தது, டைம்அவுட், இதுகளுக்குத்தான் பேக்ஆஃப்.

டேட்டாபேஸ்ல 'அந்த ஆர்டரே இல்லை'ன்னு பிழை வந்து, ஒரு ரீட்ரையில சரியாகிடுதுன்னா அது ரீட்ரையோட வெற்றி இல்லை. ஆர்டரை எழுதுற டிரான்சாக்ஷன் கமிட் ஆகுறதுக்கு, அதாவது டேட்டாபேஸ்ல உறுதியாப் பதிவாகுறதுக்கு, முன்னாடியே டாஸ்க் ஓடியிருக்கு. ஜாங்கோவோட ஆன் கமிட்டுக்குள்ள வச்சு கியூவுல போடுங்க, செலரி 5.4ல இருந்து இதுக்குன்னே டிலே ஆன் கமிட் இருக்கு.

டைம்அவுட்ல ஒரு சிக்கல் இருக்கு. ரீஃபண்ட் கேட்டு அனுப்பினோம், பதில் வரலை. பணம் போச்சா இல்லையா? நமக்குத் தெரியாது. இங்கதான் ஐடெம்பொடென்சி வேணும்: ஒரே வேலையை ரெண்டு தடவை ஓட்டினாலும் விளைவு ஒரு தடவைதான் நடக்கணும். ஸ்ட்ரைப் மாதிரி பணம் கையாளுற சேவைகள் இதுக்குன்னு ஒரு சாவியை ஹெடர்ல வாங்கிக்கும். அந்தச் சாவியை டாஸ்க் ஐடியில இருந்து உருவாக்காதீங்க. யாராவது பட்டனை ரெண்டு தடவை தட்டினா ரெண்டு டாஸ்க், ரெண்டு ஐடி, ரெண்டு ரீஃபண்ட். ரீஃபண்ட் கோரிக்கையை டேட்டாபேஸ்ல முதல்ல ஒரு வரியா எழுதி, அந்த வரியோட எண்ணைச் சாவியாக்குங்க. ஸ்ட்ரைப் சாவியை 24 மணி நேரத்துக்கு உத்தரவாதமா வச்சிருக்கும், அதுக்கப்புறம் அழிச்சுடலாம். ஒரு நாளுக்கு மேல கழிச்சு கையால ரீபிளே பண்றவங்க, அதாவது மறுபடி ஓட்டுறவங்க, பணம் ஏற்கெனவே போயிருக்கான்னு முதல்ல கேட்டுப் பார்க்கணும்.

[திரை: வொர்க்கர் 1ல 8 கட்டம், எட்டும் சிவப்பு. சிபியூ 0 சதவீதம்]

இப்ப இந்தப் படத்தைப் பாருங்க. கியூ நீளம் ஏறிக்கிட்டே இருக்கு, சிபியூ சும்மா கிடக்கு, லாக்ல ஒரு பிழையும் இல்லை. பைத்தானோட ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரிக்கு இயல்பான டைம்அவுட்டே கிடையாது. அந்தப் பக்கம் பதில் சொல்லாம இணைப்பைத் திறந்தே வச்சிருந்தா, நம்ம புரோசஸ் அப்படியே காத்துக்கிட்டு நிக்கும். எட்டும் இப்படி மாட்டினா கடை மூடினதுக்குச் சமம்.

இணைப்புக்கு 3 விநாடி, படிக்க 10 விநாடின்னு ரெண்டு எண் கொடுங்க. ஆனா அந்த 10 மொத்த நேரம் இல்லை. ரெண்டு துண்டு தரவுக்கு நடுவுல எவ்வளவு நேரம் பொறுக்கலாம்ங்கிறதுதான். 9 விநாடிக்கு ஒரு பைட்னு சொட்டு சொட்டா அனுப்புற சர்வர் உங்களை மணிக்கணக்கா கட்டிப்போடும். அதனால மேல சாஃப்ட் டைம் லிமிட் 60, ஹார்ட் லிமிட் 75ன்னு வைங்க. சாஃப்ட் லிமிட் ஒரு எக்ஸெப்ஷனை எழுப்பும், சுத்தம் பண்ண நேரம் கிடைக்கும். ஹார்ட் லிமிட் புரோசஸை அப்படியே கொன்னுடும். டாஸ்க்குக்குள்ள எல்லாத்தையும் பிடிக்கிற எக்ஸெப்ட் இருந்தா சாஃப்ட் லிமிட்டோட எக்ஸெப்ஷனையும் அது விழுங்கிடும்.

இனி கன்கரன்சி, அதாவது ஒரே நேரத்துல எத்தனை டாஸ்க் ஓடுதுங்கிறது. எத்தனை புரோசஸ் வேணும்ங்கிறதுக்கு ஒரு பெருக்கல் போதும். விநாடிக்கு 20 டாஸ்க் வருது, ஒவ்வொண்ணும் அரை விநாடி எடுக்குது: ஒரே நேரத்துல 10 ஓடணும். சரியா 10 வச்சிருக்கோம்னு வைங்க. மெயில் சேவை சாகலை, மெதுவாகுது. அரை விநாடி 5 விநாடி ஆகுது. இப்ப 10 புரோசஸால விநாடிக்கு 2தான் முடியும். மிச்சம் 18 கியூவுல சேரும். பத்து நிமிஷத்துல 10,800. ரீட்ரையை இன்னும் கணக்குல எடுக்கவே இல்லை. தோக்குற ஒவ்வொரு டாஸ்க்கும் திரும்ப வந்து அந்த 20ஐ 25, 30 ஆக்கும்.

இந்த நேரத்துல எல்லாருக்கும் கை போகுற இடம் புரோசஸ் எண்ணிக்கை. 10ஐ 100 ஆக்கினா, ஏற்கெனவே மூச்சு வாங்குற சேவையை பத்து மடங்கு பேர் தட்டுவாங்க. கூடவே நம்ம பக்கமும் உடையும். செலரியோட ஒவ்வொரு புரோசஸும் டாஸ்க் ஓடுறப்ப ஒரு டேட்டாபேஸ் இணைப்பைப் பிடிச்சு வச்சுக்கும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல இணைப்புக்கு இயல்பான வரம்பு 100, அதுல 3 சூப்பர்யூசருக்கு. 4 மெஷின்ல 16 புரோசஸ்னா 64, வெப் சர்வர் 40, கூட்டினா 104. கடைப் பக்கமே திறக்காது, காரணம் மெயில்னு யாருக்கும் தோணாது.

வரம்பை எங்க வைக்கிறது? செலரியில ரேட் லிமிட்னு ஒண்ணு இருக்கு. நிமிஷத்துக்கு 10ன்னு எழுதினா மொத்தத்துக்கும் 10ன்னு நினைக்கத் தோணும். அது ஒவ்வொரு வொர்க்கருக்கும் தனித்தனி. 4 வொர்க்கர் ஓடினா 40.

எளிமையான வழி கியூவைப் பிரிக்கிறது. மெயிலுக்கு ஒரு கியூ, பிடிஎஃபுக்கு ஒண்ணு, ரீஃபண்டுக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் தனி வொர்க்கர், அதுக்குன்னு தனி கன்கரன்சி எண். மெயில் சேவை ஒரே நேரத்துல 5 இணைப்புக்கு மேல ஏத்துக்காதுன்னா, மெயில் வொர்க்கர் ஒண்ணே ஒண்ணு, கன்கரன்சி 5. முடிஞ்சது. மெயில் படுத்தாலும் ரீஃபண்ட் ஓடும். எங்க கணக்குல பத்துல எட்டு டீமுக்கு இதுக்கு மேல தேவைப்படாது.

பிடிஎஃப் மாதிரி நீளமான வேலைக்கு பிரீஃபெட்ச்சையும் பாருங்க. இயல்பான எண் ஒரு புரோசஸுக்கு 4. 8 புரோசஸ் இருக்கிற வொர்க்கர் 32 டாஸ்க்கை முன்கூட்டியே அள்ளி வச்சுக்கும், பக்கத்து வொர்க்கர் சும்மா உட்கார்ந்திருந்தாலும் கொடுக்காது. நீளமான டாஸ்க்குக்கு 1ன்னு வைங்க.

பல கியூவுல இருந்து ஒரே சேவையைத் தொடுறீங்கன்னாதான் ரெடிஸ்ல செமஃபோர் (ஒரே நேரத்துல இத்தனை பேர்தான்னு வரம்பு வைக்கிற பூட்டு) கட்டணும். இன்க்ரிமென்ட், டிக்ரிமென்ட்னு ஒரு எண்ணிக்கையை வச்சுக் கட்டாதீங்க. நடுவுல புரோசஸ் செத்தா டிக்ரிமென்ட் நடக்காது. இடம் ஒண்ணொண்ணா கசிஞ்சு, ஒரு நாள் 5 இடமும் பேய்ங்க கையில இருக்கும். ரெடிஸோட சார்ட்டட் செட் (ஸ்கோர்படி அடுக்கின பட்டியல்) எடுங்க. பிடிக்கிறவர் பேரு உறுப்பு, பிடிச்ச நேரம் ஸ்கோர். 90 விநாடிக்கு முந்தினதை முதல்ல நீக்கு, மிச்சத்தை எண்ணு, 5க்குக் கம்மின்னா சேர். இந்த மூணும் நடுவுல வேற யாரும் நுழையாதபடி ரெடிஸுக்குள்ள ஓடுற ஒரே லூவா ஸ்கிரிப்ட்ல இருக்கணும். 90 ஏன்னா ஹார்ட் லிமிட் 75. அதுக்கு மேல யாரும் உயிரோட இருக்க முடியாது.

இடம் கிடைக்கலைன்னா ஸ்லீப் போடாதீங்க, அது ஒரு புரோசஸை வீணா பிடிச்சு வச்சுக்கும். சில விநாடி தள்ளி மறுபடி கியூவுல போடுங்க. ஆனா அதைத் தோல்விக் கணக்குல ஏத்தாதீங்க: இடம் கிடைக்காததையும் ரீட்ரைன்னு எண்ணினா, சேவையை ஒரு தடவைகூட தொடாமலேயே டாஸ்க் 8ஐத் தாண்டிடும். உண்மையான தோல்விக்குத் தனி எண்ணிக்கையை டாஸ்க்கோட அளவுருவா வைங்க.

[திரை: ஒரு புரோசஸ் கட்டம் அணையுது]

புரோசஸே சாகுற கதை. செலரி இயல்பா டாஸ்க்கை ஓட்டுறதுக்குச் சற்று முன்னாடியே அக் அனுப்பிடும். நடுவுல மின்சாரம் போனா அந்த டாஸ்க் போனதுதான். அக்ஸ் லேட்டை ஆன் பண்ணா முடிஞ்சப்புறம்தான் அக் போகும். அதுலயும் ஒரு ஓட்டை: மெமரி நிரம்பி லினக்ஸ் ஒரு சைல்ட் புரோசஸை மட்டும் கொன்னா, வொர்க்கர் அப்பவும் அக் அனுப்பிடும். ரிஜெக்ட் ஆன் வொர்க்கர் லாஸ்ட்டையும் சேர்த்து ஆன் பண்ணாதான் டாஸ்க் திரும்பி வரும். திரும்பி வர்றப்ப ரீட்ரை எண்ணிக்கை ஏறாது. 900 பக்க இன்வாய்ஸ் ஒண்ணு மெமரியைத் தின்னு புரோசஸைக் கொல்லுதுன்னா, அது வரும், கொல்லும், திரும்ப வரும், முடிவே இருக்காது. டாஸ்க் தொடங்கினதும் அதோட ஐடியில ரெடிஸ்ல ஒரு எண்ணிக்கையை ஏத்தி, டாஸ்க் முடிஞ்சாலோ ரீட்ரைக்குப் போனாலோ அதைப் பூஜ்யமாக்கி, 3ஐத் தாண்டினா ஓட்டாம ஒதுக்கி வைங்க.

புது கோடை ஏத்துற டிப்ளாய்லயும் இதே மரணம்தான். டாக்கர் ஸ்டாப் 10 விநாடிதான் பொறுக்கும், குபர்னெட்டீஸ் 30. நம்ம டாஸ்க் 75 வரைக்கும் போகலாம். பொறுத்திருக்கிற அந்த கிரேஸ் நேரத்தை 90ன்னு மாத்துங்க.

எல்லா ரீட்ரையும் தீர்ந்த டாஸ்க்குக்கு ரெடிஸ்ல செலரி தனி டெட் லெட்டர் கியூ (தோத்ததை ஒதுக்கி வைக்கிற கியூ) எதுவும் தராது. டாஸ்க் முடிவைச் சேமிக்கிற ரிசல்ட் பேக்கெண்ட்ல இருக்கேன்னா, அது இயல்பா 1 நாள்ல அழிஞ்சுடும். வெள்ளி ராத்திரி தோத்தது திங்கள் காலையில இருக்காது. டேட்டாபேஸ்ல ஒரு அட்டவணை போட்டு டாஸ்க் பேரு, அளவுரு, பிழை, எத்தனை முயற்சி, நேரம் எழுதுங்க. ரீபிளே பண்றப்ப ஐம்பது ஐம்பதா விடுங்க, மொத்தமா கொட்டினா முதல்ல பார்த்த கூட்டமே திரும்ப வரும்.

கண்காணிப்புக்கு கியூ நீளத்தைவிட, வரிசையில முன்னாடி நிக்கிற டாஸ்க்கோட வயசைப் பாருங்க. 10,000 டாஸ்க் 2 நிமிஷத்துல தீரும்னா பிரச்சினை இல்லை. 12 டாஸ்க் 40 நிமிஷமா நகராம இருந்தா பிரச்சினை. கேஷும் கியூவும் ஒரே ரெடிஸ்ல இருந்தா எவிக்ஷன் கொள்கையையும் (மெமரி பத்தலைன்னா எதை அழிக்கிறதுங்கிறது) ஒரு தடவை பாருங்க. நோஎவிக்ஷன் இல்லைன்னா மெமரி நிரம்புறப்ப கியூவே காணாமப் போகலாம்.

[திரை: ஸ்டேஜிங். போலி மெயில் சர்வர், பதில் 503]

சோதிக்கிறதுக்கு, ஸ்டேஜிங்ல, அதாவது சோதனைச் சூழல்ல, ஒரு போலி மெயில் சர்வர் வச்சு 2 நிமிஷம் 503 கொடுக்க வைங்க. 1,000 டாஸ்க் விடுங்க. அது மீண்டு வந்து ஓடுறப்ப நடுவுல ரெண்டு மூணு சைல்ட் புரோசஸை கில் மைனஸ் 9 அடிச்சு உடனே கொல்லுங்க. எல்லாம் அடங்கினதும் போலி சர்வருக்கு எத்தனை மெயில் வந்துச்சுன்னு எண்ணுங்க. 990ன்னா எங்கயோ அக் முந்திப் போகுது, இல்லை ரீட்ரை சீக்கிரம் தீருது. 1,003ன்னா அந்த மூணையும் ஆர்டர் எண்ணை வச்சுத் தேடுங்க. பெரும்பாலும் மெயில் போனதுக்கும் அக் போறதுக்கும் நடுவுல நீங்க கொன்ன புரோசஸ்ங்க. மெயில்ல அந்த மூணைப் பொறுத்துக்கலாம். ரீஃபண்ட் கியூவுல இதே சோதனையை ஓட்டி ஒண்ணு கூடுதலா வந்தாலும், சாவி உருவாக்குற வரிக்குத் திரும்பிப் போங்க.