சலூன் வளர்க்கும் தாடி

அவையோர் அனைவருக்கும் வணக்கம். கீழக்கரையில் தாடியைப் பற்றிப் பேச வருகிறவன் சற்று எச்சரிக்கையாகத்தான் பேச வேண்டும். மார்க்கம் கருதித் தாடி வைத்திருப்பவர்கள் இந்த அவையிலேயே பலர் இருக்கிறீர்கள். நான் பேச வந்தது அதைப் பற்றியன்று. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது முகத்தில் கொண்டுவருகிற தாடியைப் பற்றி.

சென்ற ஆனியில் சென்னையிலிருந்து வந்த என் தங்கை மகனை ஏற இறங்கப் பார்த்த எங்கள் பெரியம்மா, "மலைக்கு மாலை போட்டிருக்கியாப்பா?" என்றார். கார்த்திகைக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. இல்லை என்றதும் குரலைத் தாழ்த்தி, "அங்கே யாருக்கும் ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார். விரதம், துக்கம், மனைவி பிள்ளையுண்டாகியிருத்தல் என்று அவர் கண்ட தாடிக்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது. அவை கத்தி படாததால் வளர்ந்தவை. இன்றைய தாடியோ கத்தி பட்டால்தான் தாடி.

மறுநாள் அவனுடன் ராமநாதபுரம் சலூனுக்குப் போனேன். முழுச் சவரம் பத்து நிமிட வேலை. தாடியை 'செட்' பண்ண முக்கால் மணி நேரமாயிற்று. காதோரத்தை ட்ரிம்மரால் படிப்படியாகக் குறைத்து, கன்னத்தில் பிளேடால் கோடு எடுத்து, குரல்வளைக்கு இரண்டு விரல் மேலே எல்லை வகுத்து, எண்ணெய் தடவி முடித்தார்கள். தாடி வைத்தால் சவரச் செலவு மிச்சம் என்பார் என் தகப்பனார். நல்லவேளை, அவர் அந்தச் சீட்டைப் பார்க்கவில்லை.

மழித்த முகமும் ஒரு காலத்தில் புதுமைதான். 1904-இல் ஜில்லெட் காப்புரிமை பெற்ற ரேசர், முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களின் பைக்குள் ஏறியது. நச்சுப்புகை முகமூடி முகத்தோடு ஒட்டவும் மழித்த தாடை தேவைப்பட்டது. அவ்வழியே மழித்தல் பலருக்கு வழக்கமாயிற்று. எல்லோரும் ஒன்றைச் செய்யும்போது மற்றது எடுப்பாகத் தெரியும் என்பதை 2014-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சோதித்தே காட்டினார்கள்: தாடி அரிதாகத் தெரிந்தபோது தாடிக்கும், தாடி மலிந்தபோது மழித்த முகத்துக்கும் மதிப்புக் கூடியது. அப்படியானால் பத்துப் பேரில் எட்டுப் பேர் தாடியோடு அமர்ந்திருக்கும் அலுவலகத்தில் நம் பையன் யாரிடமிருந்து வேறுபடுகிறான்?

ஒன்றை மட்டும் கண்டித்தே சொல்கிறேன். தாடியின் அடர்த்தி பெரும்பாலும் பரம்பரையும் ஹார்மோனும் தருவது. திட்டுத்திட்டாக முளைக்கிறதே என்று, தலைமுடிக்கான மினாக்சிடிலை மருத்துவரைக் கேளாமல் கன்னத்தில் பூசுவது வேண்டாத வேலை.

உச்சிப்புளியில் 'பருந்து' என்னும் கடற்படை விமானத் தளத்தைக் கடந்து போகிறவர்களுக்கு ஒரு செய்தி: கடற்படையில் அனுமதி பெற்றுத் தாடி வளர்க்கலாம். கடல் தாடிக்குப் பகையன்று என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரியபட்டினத்தில் சங்கு குளிப்பவர்களோடு என் தங்கை மகனும் இறங்கியபோது, அடர்ந்த மீசையின்மேல் கண்ணாடியின் ரப்பர் விளிம்பு பதியாமல் நீர் உள்ளே வந்தது. "மூக்குக்குக் கீழே நூலளவு வழிச்சிருங்க தம்பி" என்றார் மூத்தவர். அவன் வழிக்கவில்லை, வாஸ்லைனை அப்பிக்கொண்டு மறுபடியும் குதித்தான்.